பழைய விலைக்கே வந்த கார்

முப்பத்தோரு வருடம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு கார் இல்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். "நாள் முழுக்க அடுத்தவங்க ஓட்டற கார்ல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வீட்டுக்கு வந்தும் கார்தானா?" என்பார்.

பயிற்சிக் காரில் இடது பக்க இருக்கைக்கு முன்னால், காலடியில், தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பதற்கு. அவருடைய வலது கால் எப்போதும் அதற்கு ஓர் அங்குலம் மேலேயே நிற்கும். அதனால் அவருக்குப் 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர் வந்தது. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். "தரை தேஞ்சு கீழ் வீட்டுக்கு ஓட்டை விழப்போகுது" என்பாள் மனைவி.

அவள் ஒரு சலவைக் கடையில் கவுன்டரில் இருந்தாள். வரும் துணிகளை எண்ணி வாங்கி, எண் போட்ட சீட்டை ஒவ்வொன்றிலும் குத்தி, உள்ளே அனுப்ப வேண்டும். வெளுத்து வந்ததை அதே எண் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் சட்டையை இன்னொருவருக்குக் கொடுத்தாள் என்ற பேச்சே வந்ததில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவருக்குப் பயிற்சிப் பள்ளி முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கொடுத்திருந்தார். அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாக ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தார். பதினோரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அவர் சொல்லிக்கொடுத்தவர்கள் நாலாயிரம் பேராவது இருப்பார்கள். அத்தனை பேரில், காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தது அவள் ஓட்டியபோது மட்டும்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை.

மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். வீட்டுக் கடன் முடிந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "லைசென்ஸைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வெச்சுக்கிட்டே இருக்கேன். ஓட்டறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. ஒரு சின்னக் கார் வாங்கினா என்னங்க? காலைல உங்களை ஸ்கூல்ல இறக்கி விட்டுட்டு நான் கடைக்குப் போறேன்."

"என்னை நீ இறக்கி விடுவியா?"

"ஏன், சும்மா உக்காந்துகிட்டு வர்றது புதுசா உங்களுக்கு?"

அப்படித்தான் இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர், முகம் தெரியும் தரை, ஐஸில் ஊறப்போட்ட மாதிரிக் குளிர். நீலக் கோட்டுப் போட்ட சேல்ஸ் பெண் ஒருத்தி குளிர்ந்த ஜூஸ் கொடுத்து உட்காரவைத்தாள். மனைவி காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலேயே இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருத்தினாள், கியரைத் தொட்டுப் பார்த்தாள். மாஸ்டர் வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டே, "அவ பேர்லயே புக் பண்ணிடும்மா" என்றார்.

"பத்து வாரத்துல டெலிவரி சார்."

"விலை இதுதானே? அப்புறம் அது ஏறிடுச்சு இது ஏறிடுச்சுன்னு சொல்ல மாட்டீங்களே?"

"சேச்சே. நீங்க புக் பண்ணின விலைதான் சார்."

ஒன்பதாவது வாரம் அதே பெண் போன் செய்தாள். அவர் ஒரு மாணவருக்குக் காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். ஒண்ணாம் தேதியிலேருந்து கம்பெனி விலையை ஏத்திட்டாங்க. டெலிவரிக்கு முன்னாடி அந்த வித்தியாசத்தை மட்டும் கட்டிட்டீங்கன்னா..."

வித்தியாசம் எவ்வளவு என்று சொன்னாள். சலவைக் கடையில் மனைவி ஒன்றரை மாதம் நின்றால் வரும் பணம்.

"இதுவா சின்ன விஷயம்?" என்றார் அவர். பயிற்சிக் கார் பின்னால் போய் நடைபாதை ஓரக் கல்லில் முட்டி நின்றது. பிரேக் மாஸ்டர் பிரேக் மிதிக்க மறந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனார். இந்தத் தடவை ஜூஸ் வரவில்லை. மேனேஜர் வந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டி ஒத்துக்கொண்டு, பிறகு மறுக்கிற ஆள்.

"நீங்க சொல்றது நியாயம் சார். ஆனா விலையை ஏத்தினது நாங்க இல்ல, கம்பெனி."

"நான் பணம் கட்டினது உங்ககிட்ட. ரசீது கொடுத்தது நீங்க."

"கரெக்ட் சார். ரசீதுக்குப் பின்னாடி பாத்தீங்கன்னா, விலை டெலிவரி அன்னிக்கு உள்ளபடின்னு போட்டிருக்கும்."

மாஸ்டர் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதைத் திருப்பினார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. போட்டுத்தான் இருந்தது.

"அந்தப் பொண்ணு மாறாதுன்னு சொல்லிச்சே?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். சேல்ஸ் பெண் கணினித் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாயால சொன்னதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்? உங்களுக்காக ஒண்ணு பண்றேன். நாலு மிதியடி ஃப்ரீயாப் போட்டுத் தரேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "மிதியடி கொடுத்து என்னை மிதிக்கப் பாக்கறான்" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இடது கண்ணுக்கு மேலே கொஞ்ச நாளாக ஒரு வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"பேசாம அதையும் கட்டி எடுத்துட்டு வந்துடலாமேங்க" என்றாள். "ஒன்றரை மாசச் சம்பளம்தானே? போனாப் போகுது."

"பணம் பெரிசில்ல. சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அவர் முழுப் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பணம் பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட அந்தத் தலையாட்டல் பெரிதாக இருந்தது. 'நியாயம் சார், கரெக்ட் சார்' என்று சொல்லிக்கொண்டே ஒருவன் தன்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டான் என்பது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் தினமும் வேலை முடிந்து ஷோரூம் வழியாகவே வீட்டுக்குப் போனார். கட்டடத்துக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் வந்திறங்கிய கார்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றின் முன் கண்ணாடியிலும் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டியிருக்கும்: யாருடைய கார், என்றைக்கு வந்தது என்று. ஒரு மாலை வேலி ஓரமாக நடந்து போனவர் நின்றார். ஏழாவது காரின் தாளில் தன் புக்கிங் எண்ணைப் பார்த்தார். வந்த தேதி, விலை ஏறுவதற்கு எட்டு நாள் முன்பு.

ஆக, கார் பழைய விலையிலேயே வந்து இங்கே நின்றுகொண்டிருந்தது. ஒன்றாம் தேதி தாண்டட்டும் என்று பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். வேலிக் கம்பி வழியாக போனை நீட்டி ஒன்பது படம் எடுத்தார்.

அன்று வீட்டில் அவர் பேசிய பேச்சைக் கேட்க வேண்டும். நடந்தபடியே பேசினார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். மனைவி ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள்.

"என்னங்க, தெருவிளக்கைச் சுத்தி உங்களுக்கு வளையம் வளையமாத் தெரியுதா?"

"பனியா இருக்கும். அதைவிடு, எட்டு நாள்! எட்டு நாள் முன்னாடி வந்திருக்கு!"

ஷோரூமில் காத்திருந்த இடத்தில் இன்னும் சிலரைப் பார்த்தார். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு நர்ஸ், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். எல்லோருக்கும் இதே கதை. மாஸ்டர் அவர்களை வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் அவரவர் கார் தாளைக் காட்டினார். இரண்டு வாரத்தில் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். டீக்கடையில் கூடினார்கள். "மாஸ்டர் சொல்றபடி செய்வோம்" என்றார்கள். முப்பத்தோரு வருடம் இடது பக்கம் உட்கார்ந்து அடுத்தவருக்கு 'மெதுவா, மெதுவா' என்று சொன்ன மனிதரை முதல் தடவையாக ஒன்பது பேர் சுற்றி நின்று என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது. காலையில் விசிலடித்தபடி சவரம் செய்தார். பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கிளட்சோடு சேர்த்து ஷோரூம் சண்டையின் நிலவரமும் கிடைத்தது.

வீட்டில் சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. மேஜையின் இடது ஓரத்தில் வைத்த டீ கிளாஸை மனைவி இரண்டு தடவை தட்டிவிட்டாள். குளியலறைக் கதவின் நிலையில் தோளை இடித்துக்கொண்டு, "யாரு இதை இங்க கொண்டாந்து வெச்சது?" என்று கதவையே கேலி செய்தாள். சலவைக் கடையில் ஒருவர் பேன்ட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள். தலைவலிக்கு அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. "உங்க ஷோரூம் சண்டைதான் என் மண்டைக்குள்ள நடக்குது" என்பாள்.

கடைக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கடையில் போய்ப் பரிசோதித்தாள். கடைக்காரர் பல கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடி விஷயம் இல்லம்மா. டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார். அவரே போன் செய்து வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை மேனேஜர் போன் செய்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். நாளை பதினொன்றரைக்கு வந்தால் நேரிலேயே பேசலாமாம். புக் பண்ணினவரே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நாளைக்குத்தான் எனக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்" என்றாள் மனைவி.

"அந்த ஆள் நாளைக்கு ஒருநாள்தான் இருப்பான். கண்ணு எங்க போயிடப் போகுது? அடுத்த வாரம் காட்டிக்கலாம்."

மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு அவருடன் ஷோரூமுக்கு வந்தாள். அதிகாரி ஒரு மணி நேரம் காக்கவைத்தார். வந்ததும் மிதியடியோடு இருக்கை உறையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். மாஸ்டர் ஒன்பது படங்களையும் மேஜையில் பரப்பினார். அதிகாரி அவற்றைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அவ்வளவுதான்.

கண் டாக்டரிடம் அடுத்த நேரம் ஒரு மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அந்த நாள் வந்தபோது வலி கொஞ்சம் விட்டிருந்தது. "கார் வரட்டும், நானே ஓட்டிக்கிட்டுப் போய் காட்டிக்கறேன்" என்று அவளே தள்ளிப்போட்டாள். அவரும் சரி என்றார். அவர் அப்போது நுகர்வோர் மன்றத்துக்கு ஒன்பது பேர் சார்பாகவும் புகார் எழுதிக்கொண்டிருந்தார்.

புகார் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் ஷோரூமிலிருந்து கடிதம் வந்தது. ஒரே பக்கம். மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. 'வாடிக்கையாளர் நலன் கருதி' பழைய விலைக்கே காரைக் கொடுப்பதாக எழுதியிருந்தது. ஒன்பது பேருக்கும் அதே கடிதம். மருந்துக்கடைக்காரர் போனில் அழுதேவிட்டார். மாஸ்டர் கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் அதைக் கொஞ்சம் வலது பக்கமாகப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, நேரம் எடுத்துப் படித்தாள். பெருமைப்பட்டு நிதானமாகப் படிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கார் கொடுத்தார்கள். வெயில் பளிச்சென்று இருந்தது. சேல்ஸ் பெண் சாவியை மனைவியின் கையில் கொடுத்துப் படம் எடுத்தாள். அவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "சார், அன்னிக்கு நான் நிஜமாவே மாறாதுன்னுதான் நெனச்சேன்" என்றாள். அவர் பெரிய மனதோடு, "விடும்மா" என்றார்.

மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் இடது பக்கம் ஏறினார். அவள் இருக்கையை இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, ஒரு நீண்ட மூச்சு விட்டாள். காரை எடுத்தது தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு குலுக்கல் இல்லை. அவள் ஓட்டி இருபத்தைந்து வருடம் ஆன மாதிரியே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே முன்னால் பார்த்தார்.

முற்றத்தைத் தாண்டினால் வெளி வாசல். வாசலின் இடது பக்கம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த தூண், ஒரு ஆள் உயரம். அவள் மெதுவாகத்தான் போனாள். நேராகத்தான் போனாள். தூண் நெருங்கிக்கொண்டே வந்தது. இப்போது ஒடிப்பாள், இப்போது ஒடிப்பாள் என்று அவர் பார்த்தார். அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. வெறும் மிதியடிதான் இருந்தது.

"பாத்து!"

அதற்குள் பக்கக் கண்ணாடி மடங்கிக் கதவு தூணில் உரசிக் கிறீச்சிட்டது. அவள் சட்டென்று நிறுத்தினாள். காவலாளி ஓடிவந்தார். உள்ளே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மேனேஜர் எழுந்து நிற்பது தெரிந்தது.

"என்னம்மா, அதைப் பாக்கலயா நீ?"

அவள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "எதை?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தப்புச் செய்தவர்களின் குரல் அவருக்குத் தெரியும். நாலாயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார். இது அந்தக் குரல் இல்லை. இவளுக்கு உண்மையிலேயே அங்கே ஒன்றும் இல்லை.

"நேராப் பாரு" என்றார். "என் விரல் எப்போ தெரியுதோ அப்போ சொல்லு." வலது கையை அவள் இடது தோளுக்குப் பின்னால் நீட்டி, ஆள்காட்டி விரலை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். அது அவள் தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அவள் நேராகப் பார்த்தபடி, சொல்ல வேண்டிய வார்த்தைக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "ஆங், தெரியுது" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப மோசமாங்க?" என்று கேட்டாள்.

புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு அவர் முதல் நாள் செய்யும் சோதனை அது. இரண்டு நிமிட வேலை. பார்வை குறைந்த எத்தனையோ பேரை அந்த இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அன்றே கண் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்தான் ஓட்டினார். டாக்டர் நடுத்தர வயதுப் பெண். எந்திரத்தில் முகத்தை வைக்கச் சொல்லி, சொட்டு மருந்து விட்டு, விளக்குப் புள்ளிகளைக் காட்டிப் பட்டனை அழுத்தச் சொல்லி, இரண்டு மணி நேரம் பார்த்தார். பிறகு இருவரையும் உட்காரவைத்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ரொம்ப அதிகமா இருந்திருக்கு. பார்க்கிற நரம்பு அதுல செத்துப்போயிடுச்சு. இடது கண்ணுல நடுவுல ஒரு சின்ன ஓட்டை அளவுக்குத்தான் மீதி. வலது கண்ணுலயும் மூக்குப் பக்க ஓரம் போக ஆரம்பிச்சிருக்கு. இருக்கறதைக் காப்பாத்தலாம். இன்னிக்கே லேசர் பண்ணிடலாம். அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து."

"போனது?" என்றார் மாஸ்டர்.

டாக்டர் தலையை அசைத்தார். "போனது போனதுதான் சார்."

"இது எப்பலேருந்து டாக்டர்?"

"வலி, விளக்கைச் சுத்தி வளையம், இதெல்லாம் இவங்க சொல்றதைப் பாத்தா நாலஞ்சு மாசமா. கடைசி ரெண்டு மாசத்துலதான் வேகமாப் போயிருக்கும். அதுக்கு முன்னாடி வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது." பிறகு தாளைப் புரட்டிவிட்டு, "இங்க ஒரு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கீங்களே. வரலையா?" என்று கேட்டார்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தாளில் இருந்ததைக் கேட்டார், அவ்வளவுதான். மனைவி முந்திக்கொண்டு, "அன்னிக்கு ஒரு வேலை வந்துடுச்சு டாக்டர்" என்றாள்.

"இனிமே கார் ஓட்டக் கூடாதும்மா."

"சரிங்க" என்றாள். சலவைக் கடைக் கவுன்டரில் துணி வாங்கும்போது சொல்கிற அதே 'சரிங்க'.

லேசர் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். கார் கீழே கீறலோடு நின்றது. அவள் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அந்த வியாழக்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

"நானும்தானே புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பினேன்."

"நான்தான் சொன்னேன்."

"ஆமா, நீங்கதான் சொன்னீங்க." கண்ணைத் திறக்காமலே பேசினாள். "எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா அந்த ஒரு மாசம் கழிச்சுக் கிடைச்ச தேதியைத் தள்ளிப்போட்டது நான். அதுவும் இருக்கு. ரெண்டையும் தினமும் எடுத்து வெச்சுப் பாத்துக்கிட்டிருக்க எனக்குத் தெம்பு இல்லங்க."

அவர் அழுதார். மகன் பிறந்தபோதோ, அப்பா போனபோதோ அவள் பார்க்க அவர் அழுததில்லை. இப்போதும் அவள் பார்க்கவில்லை. கண்மேல் பஞ்சு இருந்தது. சத்தத்தை மட்டும் கேட்டாள். கையை நீட்டித் துழாவினாள். அவர் முழங்கால் கிடைத்தது. அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

காரை விற்றுவிடலாம் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு சண்டை போட்டு வாங்கினதை வித்துட்டு, நான் பஸ்ல தொங்கணுமா?" என்றாள். அதில் கோபம் எவ்வளவு, வேடிக்கை எவ்வளவு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒன்பது பேரும் பணம் போட்டு அவருக்கு ஒரு பாராட்டு விருந்து வைப்பதாகச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் வீட்டுக்கே வந்தார். விஷயம் தெரிந்ததும் கொண்டுவந்த பழப் பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு, "மாசா மாசம் சொட்டு மருந்து என் கடையிலேருந்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே வந்தது.

மூன்றாம் வாரம் ஷோரூமிலிருந்து போன் வந்தது. புதிய குரல். "சார், எங்க சேவை எப்படி இருந்துச்சு? பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

மாஸ்டர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். மேனேஜரின் தலையாட்டலை நினைத்தார். பிடித்து வைத்த எட்டு நாளை நினைத்தார். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்காக அவர் பக்கம் பக்கமாகப் பதில் வைத்திருந்தார். அவர்கள்மேல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போட்டால் கொஞ்சம் கனம் குறையும். ஆனால் அவர்கள் திருடப் பார்த்தது ஒன்றரை மாதச் சம்பளத்தை. அதை அவர் திரும்ப வாங்கிவிட்டார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

மனைவி வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். "பத்து போட்டுக்கோம்மா" என்றாள். "அந்த நீலக் கோட்டுப் பொண்ணு நல்லாப் பாத்துக்கிட்டான்னு எழுது."

சலவைக் கடையில் அவளைக் கவுன்டரிலிருந்து உள்ளே மாற்றினார்கள். துணி மடிக்கிற வேலை. கையால் தடவியே மடிப்பைக் கண்டுபிடித்துவிடுவாள். சம்பளம் கொஞ்சம் குறைவு. கடைக்கு வருகிறவர்கள் முகம் பார்க்க முடியாததுதான் கஷ்டம் என்று ஒரு தடவை சொன்னாள், பிறகு சொல்லவில்லை. காலையும் மாலையும் அவர் சொட்டு மருந்து விட்டார். முதல் வாரம் பாதி கன்னத்தில்தான் விழுந்தது. பிறகு பழகிவிட்டது. பயிற்சிப் பள்ளியில் அவர் பேச்சுக் குறைந்துபோனது என்று மாணவர்கள் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விரல் சோதனையை அவர் இப்போது மூன்று தடவை செய்கிறார்.

தினமும் எட்டரைக்கு அவளைக் கடையில் இறக்கி விடுகிறார். ஒரு மழை நாளில் வாசலில் தண்ணீர் தேங்கியிருந்ததால் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, அவளோடு இறங்கி நடந்தார். வழக்கம்போல அவளுக்கு வலது பக்கமாக. நாலு அடி வைத்ததும் அவள் நின்றாள்.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள், இடது கையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டி. "அந்தப் பக்கம் நானே பாத்துக்குவேன்."

அவர் பின்னால் சுற்றி இடது பக்கம் வந்தார். குடை அவர் கையில் விரிந்திருந்தது. அவள் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. தோள் மட்டும் எப்போதாவது உரசியது. கடை வாசல்வரை போனார்கள். உள்ளே போகுமுன், "சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துடுங்க, லேட்டாக்காதீங்க" என்றாள். அவர் நனைந்தபடி காருக்குத் திரும்பினார். வாசலில் மடக்கிய குடையை மறுபடி விரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.